தேய்ந்ததா, நைந்ததா, களைத்ததா: பொருத்தமான சொல்லைத் தேரும் முறை

கொழும்பில் வளரும் நம் பிள்ளைகள் பலர், உடல் ஓய்ந்தாலும் மனம் சலித்தாலும் ‘டயர்ட்’ என்றும், செருப்பு முதல் சேலை வரை எது பழுதானாலும் ‘பழசாகிவிட்டது’ என்றும் சொல்லிவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எளிய வழி ஒன்று உண்டு: எதை இழந்ததால் இந்த நிலை வந்தது என்று முதலில் கேட்கப் பழக்குங்கள்.

உராய்ந்து பருமன் குறைந்தால் அது தேய்வு. புறக்கோட்டையில் வண்டி இழுக்கும் நாட்டாமையின் (சுமை தூக்கும் தொழிலாளியின்) செருப்பில், குதிப்பக்கம் ஒரு புறமாகச் சாய்ந்து மெலிந்திருக்கும். அதைத் தேய்ந்த செருப்பு என்போமே தவிர நைந்த செருப்பு என்பதில்லை. சாவியும் திருகாணியின் மரையும் அவ்வாறே தேயும். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ‘மொட்டை டயர்’ என்றால் தடம் முழுவதும் தேய்ந்த டயர் என்று எவருக்கும் விளங்கும். கத்தி இழப்பது கூர்மையை, ஆகவே அது மழுங்கும்.

துணிக்கு உரிய சொல் நைதல். நெடுநாள் உடுத்த சாரத்தை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பாருங்கள்: உட்காரும்போது அழுந்தும் இடத்தில் இழைகள் ஒன்றைவிட்டொன்று விலகி, ஒளி ஊடுருவும், இன்னும் கிழியவில்லை, ஆனால் விரலால் சற்று இழுத்தால் கிழிந்துவிடும். அந்த நிலையே நைவு. பெட்டிக்குள் உடுக்காமலே கிடந்த பட்டுச்சேலை மடிப்பில் இழை விட்டுப்போனால் அது இற்றுப்போனது. நைவதற்குப் புழக்கம் வேண்டும்; இற்றுப்போவதற்குக் காலமே போதும். மரம் ஈரத்தில் உக்கும். வெள்ளவத்தையில் கடற்பக்க வீடுகளின் ஜன்னல் கம்பிகள் உப்புக் காற்றில் கறள் பிடிக்கும்.

மனிதரிடம் வரும்போது கூடுதல் கவனம் தேவை. உழைப்பால் வருவது களைப்பு, ஓய்வெடுத்தால் தீரும். மாடிப்படி ஏறி மூச்சு வாங்குவது இளைப்பு. ஆனால் ‘இளைத்துவிட்டார்’ என்று எழுதினால் மெலிந்துவிட்டார் என்றே பலர் கொள்வர். அலுப்பு உடல்நோவையும் சலிப்பையும் குறிப்பதால், எது என்பதை வாக்கியமே காட்ட வேண்டும். முதுமையில் வருவது தளர்ச்சி. பஞ்சி இவற்றோடு சேராது. அது செய்ய மனமின்மை. நாரி முறிய வேலை செய்துவிட்டு வந்தவரைப் பஞ்சிப்படுகிறார் என்பது பெரும் அநியாயம்.

பொருளுக்குரிய சொற்கள் மனிதருக்கும் வரும்: குடும்பத்துக்காக ஓடாய்த் தேய்ந்தார், மனம் நைந்தது என்கிறோம். ‘நாளொற்றித் தேய்ந்த விரல்’ என்ற குறளில் (1261), பிரிந்து சென்றவரின் நாட்களைத் தொட்டுத் தொட்டு எண்ணியே தலைவியின் விரல் தேய்கிறது. மறுபக்கமாக இந்த வழக்கு அவ்வளவு இயல்பாக வருவதில்லை. இயந்திரம் களைத்தது என்று நாம் பேசுவதில்லை, பற்றறி இறங்கிவிட்டது என்கிறோம்.

இந்த வேறுபாடு மிகவும் உதவுவது வைத்தியரின் முன்னால்தான். வீட்டில் பெரியவர் ‘ஏலாமல் இருக்கிறது’ என்றால், அதையே போய் ஒப்பிக்காமல், மூச்சு இளைக்கிறதா, கைகால் உளைகிறதா, சாப்பாட்டிலும் பேச்சிலும் நாட்டமின்றிச் சோர்ந்திருக்கிறாரா என்று கேட்டறிந்து, அவர் சொன்ன சொல்லோடு அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.