சுகரும் உடம்புல சேர்ற உலோகமும்: நிறைய பேர் பண்ற தப்புகள்

சுகர் வந்துட்டாலே சாப்பாடு, வெயிட், பரம்பரை, இந்த மூணோட பேச்சு முடிஞ்சிடுது. தண்ணியில இருக்குற ஆர்செனிக், சிகரெட் புகையில இருக்குற காட்மியம், பழைய பெயின்ட்லயும் பேட்டரி தூசியிலயும் இருக்குற ஈயம், இதெல்லாம் கூட சுகர் விஷயத்துல கை வைக்கும்னு 1990கள்ல இருந்தே ஆராய்ச்சி வந்துட்டு இருக்கு. ஆனா மக்கள்கிட்ட வந்து சேரும்போது அது ரெண்டு விதமா திரிஞ்சு போய்தான் சேருது. ஒண்ணு, அதெல்லாம் ஃபேக்டரி பக்கத்துல குடியிருக்கறவங்களுக்குதான், நமக்கில்லன்னு. இன்னொண்ணு, உடம்புல இருக்குற ஹெவி மெட்டலை எல்லாம் வெளிய எடுத்துட்டா சுகர் போயிடும்னு. ரெண்டுமே தப்பு, ரெண்டாவது ஆபத்தும் கூட.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பாத்துடலாம். கணையத்துல இருக்குற பீட்டா செல், இன்சுலினை தயார் பண்ணி அப்படியே விட்டுடாது, ஆறு இன்சுலின் மூலக்கூறை ஒரு கொத்தா சேர்த்து நடுவுல ரெண்டு ஜிங்க் அணு வச்சு கட்டி, சின்ன சின்ன பையில சேமிச்சு வச்சுக்கும், சுகர் ஏறும்போது அந்த பையை திறந்து விடும். இதுக்காகவே ஜிங்கை உள்ள இழுக்குற வழிகள் அந்த செல்லுல ஜாஸ்தி. தனிம அட்டவணையில காட்மியம் ஜிங்குக்கு நேர் கீழ இருக்கு, ரெண்டும் பங்காளிங்க மாதிரி, அதனால ஜிங்குக்கு திறந்த கதவு வழியா காட்மியமும் உள்ள வந்துடுது. வந்தா சீக்கிரம் போகாது. ஆர்செனிக் வேற மாதிரி, அது செல்லுக்குள்ள ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸை, அதாவது செல்லை சேதப்படுத்துற ஆக்சிஜன் துகள்கள் பெருகுறதை, கிளப்பி விடும், பீட்டா செல்லுக்கோ அதை தாங்குற என்சைம்கள் மத்த செல்களை விட ரொம்ப கம்மி. எலிகள்லயும் ஆய்வக செல்கள்லயும் ஆர்செனிக் கொடுத்தா இன்சுலின் சுரக்கறது குறையறதை பல தடவை பாத்திருக்காங்க.

இது தெரிஞ்ச உடனே நிறைய பேர் பண்ற தப்பு, உலோகம்னாலே எல்லாம் ஒண்ணுதான்னு எல்லாத்தையும் ஒரே தட்டுல வைக்கறது. ஆர்செனிக், காட்மியம், ஈயம், பாதரசம் உடம்புக்கு எதுக்குமே தேவையில்லாதது. ஜிங்க், அயர்ன், காப்பர், செலினியம் இதெல்லாம் இல்லாம உடம்பு ஓடாது, அளவு தாண்டினாலோ குறைஞ்சாலோதான் பிரச்சனை. தேவையில்லாத நாலுலயும் ஆதாரம் ஒரே மாதிரி கிடையாது. சுகர்னு வரும்போது ஆர்செனிக்குக்குதான் ஆதாரம் வலுவா இருக்கு, காட்மியத்துல ஒரு ஆய்வு ஆமாங்குது இன்னொரு ஆய்வு இல்லங்குது. ஈயம் நேரடியா சுகரை விட பிரஷர், இதயம், கிட்னி பக்கம்தான் அதிகமா அடிக்குது, ஆனா சுகர்காரங்களுக்கு ஏற்கனவே அடிபடுற இடமே அந்த மூணுதானே, அதனால அவங்க இதை லேசா எடுத்துக்கக் கூடாது. அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் 2023ல வெளியிட்ட அறிக்கையில ஈயம், காட்மியம், ஆர்செனிக் மூணையும் இதய நோய்க்கான ஆபத்துக் காரணிகளாவே சொல்லிட்டாங்க.

அளவை மறந்துட்டு பேசறது அடுத்த தப்பு. தைவானோட தென்மேற்கு கடற்கரையில ஆழமான கிணத்து தண்ணியில ஆர்செனிக் ரொம்ப அதிகம், அங்க அந்த தண்ணியை பல வருஷம் குடிச்சவங்ககிட்ட சுகர் அதிகமா இருக்குன்னு 1994லயே ஆய்வு வந்துடுச்சு, பங்களாதேஷ் குழாய் கிணறு பகுதிகள்லயும் இதே மாதிரி முடிவுகள் வந்துச்சு. நச்சுப் பொருட்களை ஆராயற அமெரிக்க அரசு அமைப்பான நேஷனல் டாக்ஸிகாலஜி புரோகிராம் 2011ல நிபுணர்களை கூட்டி அதுவரை வந்த ஆய்வை எல்லாம் அலசினப்போ, லிட்டருக்கு 150 மைக்ரோகிராமும் அதுக்கு மேலயும் இருக்குற இடத்துல தொடர்பு தெரியுது, அதுக்கு கீழ இருக்குற அளவுக்கு அப்போதைய ஆதாரம் போதாதுன்னுதான் சொன்னாங்க. அதுக்கப்புறம் குறைஞ்ச அளவுலயும் தொடர்பு இருக்குன்னு சில ஆய்வுகள் வந்திருக்கு. அதுக்காக தண்ணியில துளி ஆர்செனிக் இருக்குன்னு ரிப்போர்ட் பாத்து நடுங்க வேண்டாம், 150க்கு கீழதானேன்னு அசால்ட்டாவும் இருக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணிக்கு சொல்ற அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், நாம பிடிச்சுக்க வேண்டிய நம்பர் அதுதான். ஆர்செனிக் கேன்சருக்கும் காரணம்ங்கறதுல சந்தேகமே இல்ல, அதனால சுகர் விவாதம் எப்படி முடிஞ்சாலும் இந்த நம்பரை விட்டுக்கொடுக்க முடியாது.

தண்ணி பத்தி பேசும்போது ஒரு விஷயத்தை அழுத்தி சொல்லணும். கொதிக்க வச்சு குடிச்சா எல்லாம் சரியாயிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அது கிருமிக்கு சரி, ஆர்செனிக்குக்கு நேர் எதிர். தண்ணி ஆவியாகும், ஆர்செனிக் ஆவியாகாது, பாத்திரத்துல மிச்சம் இருக்குற தண்ணியில அது இன்னும் அடர்த்தியாதான் இருக்கும். குளோரின் போட்டாலும் போகாது. ஆர்செனிக் இருக்குற தண்ணி பாக்க கண்ணாடி மாதிரி இருக்கும், வாசனை வராது, ருசியும் மாறாது, அதனால கண்ணால பாத்து நல்ல தண்ணின்னு சொல்லவே முடியாது, லேப்ல கொடுத்து டெஸ்ட் பண்ணினாதான் தெரியும். அதுவும் சொந்த கிணறு, போர் தண்ணின்னா நீங்களா டெஸ்ட் பண்ணாத வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஆர்ஓ ஃபில்டர் பெரும்பாலும் உதவும், ஆனா ஆர்செனிக்ல ரெண்டு வகை இருக்கு, ஆர்செனிக் அஞ்சு நல்லா வடிகட்டப்படும், ஆர்செனிக் மூணு ஓரளவு தப்பிச்சு வந்துடும், அதனால ஃபில்டர் மாட்டினதுக்கு அப்புறம் வெளிய வர்ற தண்ணியையும் ஒரு தடவை டெஸ்ட்டுக்கு கொடுங்க, அதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க.

சிகரெட்டை யாருமே இந்த கணக்குல சேக்கறதில்ல. புகையிலை செடி மண்ணுல இருக்குற காட்மியத்தை நல்லா உறிஞ்சி இலையில சேர்த்து வைக்கும், புகையா நுரையீரலுக்கு போகும்போது அதுல கணிசமான பகுதி ரத்தத்துல கலந்துடும், புகைபிடிக்கறவங்க உடம்புல காட்மியம் மத்தவங்களை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு இருக்கும். கிட்னியில போய் உக்காந்தா பாதி குறையவே 10ல இருந்து 30 வருஷம் ஆகும்னு சொல்றாங்க. ஃபில்டர், டெஸ்ட்னு செலவு பண்ணிட்டு கையில சிகரெட்டை விடலன்னா அந்த செலவுக்கு அர்த்தமே இல்ல.

டெஸ்ட்ல நடக்குற குளறுபடி தனி கதை. முடியை வெட்டி அனுப்பினா உடம்புல இருக்குற எல்லா உலோகமும் தெரியும்னு விளம்பரம் வருது, தலையில பட்ட தூசி, ஷாம்பு, டை எல்லாம் சேர்ந்து அந்த ரிசல்ட்டை கெடுத்துடும், அதை வச்சு வைத்தியம் பண்றது சரியில்ல. இன்னொண்ணு மோசமானது: முதல்ல உலோகத்தை இழுக்குற மருந்தைக் கொடுத்து, அப்புறம் யூரின் எடுத்து, மருந்து எடுக்காதவங்களோட நார்மல் அளவோட ஒப்பிட்டு பாருங்க எவ்வளவு ஏறியிருக்குன்னு காட்டுறாங்க. மருந்து கொடுத்தா யாருக்கா இருந்தாலும் ஏறத்தான் செய்யும், எல்லார் உடம்புலயும் கொஞ்சம் இருக்கு. விஷ முறிவு டாக்டர்களோட அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் மெடிக்கல் டாக்ஸிகாலஜி இந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் கிடையாதுன்னு வெளிப்படையாவே சொல்லியிருக்காங்க.

சரியான டெஸ்ட்டா இருந்தாலும் சரியா எடுக்கணும். ஈயத்துக்கு ரத்தம், ஆர்செனிக்குக்கு யூரின். டெஸ்ட்டுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாளுக்குள்ள மீனோ இறாலோ சாப்பிட்டிருந்தா யூரின்ல ஆர்செனிக் எக்குத்தப்பா ஏறி காட்டும், அதுல பெரும்பாலும் கடல் உணவுல இருக்குற, தீங்கு பண்ணாத ஆர்செனோபீட்டெய்ன்தான், இதை பாத்துட்டு வீடே கலங்கிப் போயிடும். அதனால வகை வகையா பிரிச்சு சொல்ற டெஸ்ட்டான்னு லேப்ல கேளுங்க. கான்ட்ராஸ்ட் (படம் தெளிவா தெரிய ஏத்துற மருந்து) போட்டு ஸ்கேன் எடுத்திருந்தீங்கன்னா ஒரு 4 நாள் கழிச்சுதான் சாம்பிள் கொடுக்கணும், கான்ட்ராஸ்ட்ல இருக்குற கடோலினியம், அயோடின் ரெண்டும் மெஷினை குழப்பிடும்.

சுகர்காரங்க யூரின்ல ஒரு உலோகம் ஜாஸ்தியா இருக்குன்னு படிச்ச உடனே அதுதான் சுகரை கொண்டு வந்துச்சுன்னு முடிவு கட்டுறாங்க, இதை செய்தி எழுதறவங்களும் பண்றாங்க. சுகர் ஏறினா யூரின் அதிகமா போகும், கிட்னி வடிகட்டுற விதம் மாறும், யூரின் வழியா ஜிங்க் நிறைய வெளியேறும்னு ரொம்ப காலமாவே தெரியும், அதாவது நோய்தான் அந்த நம்பரை மாத்தியிருக்கலாம். சுகர் இல்லாதவங்களை முதல்ல டெஸ்ட் பண்ணிட்டு பல வருஷம் பின்தொடர்ந்து யாருக்கு சுகர் வருதுன்னு பாத்த ஆய்வா, இல்ல ஒரே நாள்ல ரெண்டையும் அளந்த ஆய்வான்னு பாத்தாலே பாதி தலைப்புச் செய்தி அடங்கிடும்.

இப்ப செலேஷன். உலோகத்தை பிடிச்சு யூரின்ல வெளிய தள்ளுற மருந்து, ஈய விஷம் ஏறினவங்களுக்கு உயிர் காக்குற வைத்தியம்தான், அதுல சந்தேகமில்ல. சுகருக்கும் இதயத்துக்கும் இதை கொடுக்கலாமான்னு உண்மையிலேயே ஆராய்ச்சி பண்ணினாங்க, டாக்ட்னு ஒரு பெரிய ஆய்வு, ஹார்ட் அட்டாக் வந்த 1708 பேரை வச்சு ஈடிடிஏங்கற செலேஷன் மருந்தை ஏத்தி பாத்தாங்க, 2013ல முடிவு வந்தப்போ அதுல சுகர் இருந்தவங்களுக்கு நல்ல பலன் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, எல்லாருக்கும் நம்பிக்கை வந்துச்சு. அதை உறுதிப்படுத்தத்தான் சுகரும் ஹார்ட் அட்டாக்கும் ரெண்டும் இருக்குற 1000 பேரை வச்சு டாக்ட் 2 நடத்துனாங்க, 2024ல முடிவு வந்துச்சு: ரத்தத்துல ஈயம் 61 சதவீதம் குறைஞ்சது, ஆனா ஹார்ட் அட்டாக்கோ, ஸ்ட்ரோக்கோ, மரணமோ குறையல. உலோகத்தை வெளிய எடுத்தா நோய் தானா போயிடும்ங்கற எண்ணத்துக்கு இதை விட தெளிவான பதில் கிடையாது. பல வருஷம் நடந்த சேதத்தை சில மாச டிரிப் அழிச்சிடல. ஆபத்தும் சும்மா இல்ல, அமெரிக்காவுல 2003ல இருந்து 2005க்குள்ள செலேஷன் அப்போ ரத்தத்துல கால்சியம் திடீர்னு இறங்கி மூணு பேர் செத்திருக்காங்க, அதுல ரெண்டு பேர் குழந்தைங்க.

இதே ஆசையில லேபிள் இல்லாத, நச்சு நீக்கி சுகரை குணமாக்கும்னு விக்கிற பொடியை வாங்கி சாப்பிட்டு மாத்திரையை நிறுத்தறவங்களை பாத்தா மனசு பதறுது. அந்த மாதிரி பொடிகள்ல ஈயமும் பாதரசமும் இருந்து பிடிபட்டிருக்கு, சிலதுல சுகர் மாத்திரையையே சொல்லாம கலந்திருக்காங்க, அதனாலதான் முதல் வாரம் சுகர் இறங்கி நம்ப வைக்குது. இன்சுலின் போடுறவங்க அதை நிறுத்தினா சில நாள்லயே உயிருக்கு ஆபத்து வரலாம், அதுக்கு எந்த சுத்திகரிப்பும் ஈடாகாது.

தேவையான சத்துதானேன்னு அள்ளிப் போடுறதும் தப்புதான். 2007ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல தினம் 200 மைக்ரோகிராம் செலினியம் வருஷக்கணக்கா எடுத்தவங்களுக்கு, எடுக்காதவங்களை விட சுகர் அதிகமா வந்துச்சு, அதுலயும் ஏற்கனவே ரத்தத்துல செலினியம் நிறைய இருந்தவங்களுக்குதான் ரொம்ப. அயர்ன் ரெண்டு பக்கமும் வெட்டும். ஹீமோகுரோமட்டோசிஸ்ங்கற பரம்பரை நோயில இரும்பு கணையத்துலயே படிஞ்சு சுகரை கொண்டு வந்துடும். அயர்ன் கம்மியா இருந்தாலோ, குடல் இரும்பை தேடித் தேடி இழுக்கும்போது அதே வழியில காட்மியமும் அதிகமா உள்ள வரும், கூடவே மூணு மாச சராசரி சுகரை காட்டுற எச்பிஏ1சி ரிசல்ட்டும் உண்மையை விட கொஞ்சம் ஏறி காட்டலாம். அதனால ரத்த சோகை இருக்கறவங்க டாக்டர்கிட்ட ஃபெரிட்டின் (உடம்புல இரும்பு கையிருப்பை காட்டுற டெஸ்ட்) பாத்துட்டு சரி பண்ணிக்கறது நல்லது, தானா வாங்கி முழுங்கறது வேண்டாம்.

வேலை இடத்து தூசி கடைசியா. பேட்டரி பிரிக்கறது, பழைய பெயின்ட் சுரண்டறது, வெல்டிங், சால்டரிங் பண்றவங்க அந்த சட்டையோடவும் ஷூவோடவும் வீட்டுக்குள்ள வந்தா, தரையில தவழ்ற குழந்தை கை வழியா அது வாய்க்கு போகும். வேலை முடிஞ்ச இடத்துலயே டிரெஸ் மாத்தி, குளிச்சு, அந்த துணியை தனியா துவைக்கணும், காய்ஞ்ச தூசியை துடைப்பத்தால பெருக்காம ஈரத்துணியில துடைக்கணும். அடுத்த தடவை சுகர் செக்கப்புக்கு போகும்போது என்ன வேலை பாத்தீங்க, எந்த தண்ணி எவ்வளவு வருஷமா குடிக்கறீங்க, புகை பழக்கம், என்னென்ன பொடி, சப்ளிமெண்ட் எடுக்கறீங்கன்னு டாக்டர் கேக்கலன்னாலும் நீங்களே சொல்லுங்க, கிட்னி நிலையை காட்டுற யூரின் ஆல்புமின் டெஸ்ட்டும் கிரியேட்டினினும் அந்த வருஷத்துக்கு எடுத்தாச்சான்னும் கேட்டுடுங்க.