கடை வேலையில் மேலே வர: சரக்கு இறங்கும் இடத்தைக் கேட்டு வாங்குங்கள்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கம் ஜவுளிக்கடையிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, பில் போடும் இடத்திலேயே நின்றுவிடாதீர்கள். சரக்கு இறங்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். கடையின் லாபமும் நஷ்டமும் அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்: பில்லில் உள்ள எண்ணிக்கைதான் பெட்டியிலும் இருக்கிறதா, எம்ஆர்பி சரியா, காலாவதித் தேதி எது, பழைய பாக்கெட்டை முன்னால் இழுத்துவிட்டுப் புதியதைப் பின்னால் அடுக்கினார்களா என்று பார்க்கப் பழகியவரைத்தான் நாளைக்குப் பொறுப்பில் போடுவார்கள்.

அப்புறம், ஒரு சின்ன நோட்டு வையுங்கள். நம்ம பக்கம் வியாபாரம் மாதச் சம்பளத்தை மட்டும் நம்பி இல்லை. சம்பா அறுவடைக் காசு கைக்கு வரும் தை, மாசி, பதினெட்டாம் பெருக்கு, முகூர்த்த மாதங்கள் என ஒவ்வொன்றிலும் எந்த அளவு, எந்த விலை முதலில் தீர்ந்தது, எதைக் கேட்டு இல்லையென்று திரும்பினார்கள் என எழுதுங்கள். இந்தக் கடைசி விவரம்தான் முக்கியம், கம்ப்யூட்டரில் விற்றது மட்டும்தானே பதிவாகும்! இன்டர்வியூவில் இதைப் பேசினால் உங்களைத் தனியாகக் கவனிப்பார்கள்.

சேரும்போதே பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (ஊழியர்களுக்கான மருத்துவக் காப்பீடு) பற்றிக் கேளுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில் பிஎஃப் கட்டாயம். ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்துவிட்டது, அதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.