வென்ற பணம் கரைந்த கதையும் நான் செய்த மாற்றமும்

போக்கர் சீட்டாட்டப் போட்டி ஒன்றில் பெருந்தொகை வென்றதும், அதிர்ஷ்டத்தின் பங்கை மறந்து, கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கை ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொண்டு, என்னைவிடத் தேர்ந்தவர்கள் பெருந்தொகை வைத்து ஆடும் பெரிய மேசைகளில் அமர்ந்தேன். நன்றாக ஆடுபவரும் அடுத்தடுத்து ஐந்து முறை தோற்பது இவ்வாட்டத்தில் மிக இயல்பு என்பதால், அந்தப் பணம் விரைவிலேயே தீர்ந்தது. (கடன் கேட்டு வந்த நண்பர்களும் அதைக் கரைக்க ஓரளவு உதவினார்கள்!)

மீண்டும் சிறிய மேசையிலிருந்து தொடங்கியபோது, ஆட்டப் பணத்தை வீட்டுச் செலவுக் கணக்கிலிருந்து பிரித்தேன்; வெற்றித்தொகையில் வரிக்குரியதை முதலிலேயே ஒதுக்கினேன். பண மேசைக்கு (போட்டியாக அல்லாமல் நேரடியாகப் பணம் வைத்து ஆடும் மேசை) கையிருப்பில் 30-இல் ஒரு பங்குக்கும், போட்டிக் கட்டணத்துக்கு 100-இல் ஒரு பங்குக்கும் மேல் எடுப்பதில்லை. கையிருப்பு கால் பங்கு குறைந்தால் கீழ்நிலை மேசைக்கு இறங்கிவிடுகிறேன். தன்மானம் இடிப்பதால், எனக்கு மிகவும் கடினமான விதி இதுவே.