உறங்குமுன் பத்து நிமிடம்: ஆத்தும சோதனை செய்யும் முறை

நாள் முடிவில் தேவசமுகத்தில் தன்னை ஆராய்ந்து பார்க்கும் பழக்கம் சபைக்குப் புதிதன்று. "உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்" என்று நான்காம் சங்கீதமே சொல்கிறது. லொயோலா இஞ்ஞாசியார், 1548இல் அச்சான தம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் இதற்கு ஐந்து படிகளை வகுத்தார்: நன்றி கூறுதல், பாவத்தை அறியும் அருளைக் கேட்டல், அன்றைய பொழுதை மணிக்கு மணி ஆராய்தல், மன்னிப்பு வேண்டுதல், திருந்த உறுதிகொள்ளுதல். அவர் கத்தோலிக்கத் துறவி என்றாலும், இதை எந்தச் சபையினரும் தயக்கமின்றிக் கைக்கொள்ளலாம்.

நன்றியை முதலில் வைத்ததில் காரணம் இருக்கிறது. குற்றத்திலிருந்து தொடங்குகிறவர் ஒரு வாரத்துக்குள் சோர்ந்துபோய் இதை விட்டுவிடுவதைக் கண்டிருக்கிறேன். நானும் அப்படி விட்டவன்தான். அன்று பெற்ற நன்மைகளில் இரண்டையாவது பெயர் சொல்லி நினைவுகூருங்கள். "எல்லாவற்றிற்காகவும் ஸ்தோத்திரம்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டால், எதற்காகவும் உண்மையில் நன்றி சொல்லவில்லை.

அடுத்து, வெளிச்சத்தைக் கேளுங்கள். "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்ற 139ஆம் சங்கீதத்தின் வரி போதும். ஆராய்கிறவர் அவர், நாம் உடனிருந்து பார்க்கிறவர்கள் என்பது மனத்தில் பதிந்தால், நம்மை நாமே நியாயந்தீர்க்கும் வேகமும் நமக்கு நாமே சாக்குச் சொல்லும் வேகமும் ஒருசேரக் குறைகின்றன.

அதிக நேரம் செலவிட வேண்டியது மூன்றாம் படியில். விழித்தது முதல் இந்த நேரம் வரை நடந்தவற்றை வரிசையாக ஓடவிடுங்கள். பொதுச்சொற்களில் நின்றுவிடாதீர்கள். "நான் கோபக்காரன், என்னை மன்னியும்" என்பது பணிவாக ஒலித்தாலும், அதில் மனந்திரும்புவதற்குப் பிடிமானம் ஒன்றும் இல்லை. "மாலையில் மகள் தன் நோட்டுப் புத்தகத்தைக் காட்ட வந்தபோது, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே 'அப்புறம் பார்க்கலாம்' என்றேன், அவள் அதை மூடிக்கொண்டு போனாள்" என்று சொல்லிப் பாருங்கள். இப்போது யாரிடம் என்ன செய்தோம் என்பது தெரிகிறது. நாளைக் காலை என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. நல்லவிதமாய் நடந்துகொண்ட தருணங்களையும் இதே உன்னிப்போடு பாருங்கள். அவையும் கிருபையின் செயலே.

மன்னிப்பு வேண்டுவதை நீட்ட வேண்டாம். நம் பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிக்கிறவர் என்று 1 யோவான் 1:9 கூறுகிறது. அறிக்கையிட்ட பிறகும் அதையே கிளறிக்கொண்டிருப்பது பக்தியைப்போலத் தோன்றினாலும், அந்த வாக்குத்தத்தத்தை நம்பாமலிருப்பதற்கே சமம். பிறருக்குத் தீங்கு செய்திருந்தால், அவரிடமும் ஒப்புரவாக வேண்டிய கடமை தனியே இருக்கிறது. ஜெபம் அதற்கு ஈடாகாது.

உறுதிமொழி ஒன்றே ஒன்றாக, அடுத்த நாளுக்கு மட்டும் உரியதாக இருக்கட்டும். விடாப்பிடியான ஒரு குறையை வெல்ல விரும்புகிறவர்களுக்கு இஞ்ஞாசியார் வேறொரு பயிற்சியும் தருகிறார். அக்குறை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடுகள் வரைந்து, நண்பகல் உணவுவரை விழுந்த தடவைகளை முதல் கோட்டிலும் அதன்பின் இரவுவரை விழுந்தவற்றை இரண்டாம் கோட்டிலும் புள்ளிகளாகக் குறித்து, நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிட வேண்டும். கணக்குப்பிள்ளை வேலையாகத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் எரிச்சலான பேச்சைக் குறிக்கத் தொடங்கிய பிறகே, என் புள்ளிகளில் பெரும்பாலானவை பசியோடிருந்த நேரத்தில் விழுந்தவை என்பதைக் கண்டுகொண்டேன். வாயை அடக்கும் பெலனுக்காக ஜெபித்து வந்த நான், அதோடு நேரத்துக்கு உண்ணவும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

படுக்கையில் சாய்ந்தபடி செய்தால் பாதியிலேயே உறக்கம் வந்துவிடும், நாற்காலியில் அமருங்கள். ஓர் இரவு தவறிவிட்டால், மறுநாள் இரண்டு நாள் கணக்கையும் சேர்த்துப் பார்க்க முயலாமல், அன்றைய நன்றியிலிருந்தே தொடங்குங்கள்.