பேஸ் வாசிப்பவர் எங்கே? ஆர்கன் ஜாஸ் கேட்கப் பழகுவோம்

ஜாஸ் ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித்தின் 'பேக் அட் த சிக்கன் ஷாக்' ஆல்பத்தை முதன்முதலில் கேட்டபோது, பேஸ் (அடியில் ஒலிக்கும் கீழ் சுரங்கள்) பிரமாதமாக இருக்கிறதே, யார் வாசித்தது என்று பெயர்ப் பட்டியலைத் துழாவினேன். அப்படி ஒருவர் இல்லவே இல்லை. பதிவானது 25 ஏப்ரல் 1960, நியூ ஜெர்சியில் வான் கெல்டர் ஸ்டுடியோவில். அட்டையில் நாயும் சேவலும் ஸ்மித்தோடு இருக்கும்.

1. ஹெட்போன் மாட்டுங்கள். போன் ஸ்பீக்கரில் கீழ் சுரங்கள் காணாமல் போய்விடும்.

2. முதல் பாட்டில் மெட்டை விட்டுவிட்டு அடியில் நடந்துபோகும் சுரங்களை மட்டும் பிடியுங்கள். தட்டுக்கு ஒன்றாக வருகிறதே, அது ஸ்மித்தின் இடது கை. அவ்வப்போது காலால் பெடலையும் தட்டி அழுத்தம் கொடுப்பார். அவர் வாசிக்கும் ஹாமண்ட் பி-3 ஆர்கனில் மேலும் கீழுமாக இரண்டு கட்டை வரிசை. வலது கை மெட்டைப் பார்த்துக்கொள்ளும்.

3. இனி எண்ணுங்கள். இது 12 பார் புளூஸ், அதாவது 12 பார் (தாளச் சுற்றின் சிறு பகுதி) கொண்ட சுற்று திரும்பத் திரும்ப வரும் பாட்டு. ஒரு பாருக்கு 4 தட்டு. கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணினால் சரியாக 12 வரும்! சுண்டு விரலில் தொடங்கி, மோதிர விரலின் நடுக்கணுவுக்கு (5-வது பார்) வரும்போது பேஸ் இடம் மாறும். 7-இல் வீடு, அதாவது தொடங்கிய இடத்துக்கே திரும்பும். 9-இல் மறுபடி கிளம்பி, ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் (11-வது பார்) வீட்டில் வந்து உட்காரும். நழுவினால் கவலை வேண்டாம், அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளலாம். எனக்கு நாலைந்து நாள் ஆனது.

4. டொனால்ட் பெய்லியின் டிரம்ஸ்: சிம்பலை (குச்சியால் தட்டும் உலோகத் தட்டு) கேட்டால் போதும்.

5. இப்போது அதே ஆல்பத்தின் 'மைனர் சாண்ட்'. முதல் பாட்டில் வரும் கென்னி பரெலின் கிடார் இதில் இல்லை. ஆர்கன், ஸ்டான்லி டரன்டைனின் டெனர் சாக்ஸபோன், டிரம்ஸ், அவ்வளவுதான். டரன்டைன் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஸ்மித்தின் வலது கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள்.

6. அந்த மெட்டு டரன்டைனுடையது. அதே ஆண்டு ஜூனில் தன் 'லுக் அவுட்!' ஆல்பத்துக்கும் வாசித்தார், பியானோவோடும் ஜார்ஜ் டக்கரின் கம்பி பேஸோடும். இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். டக்கர் சுண்டிய சுரம் மெல்லத் தேயும். ஸ்மித்தின் சுரம் விரல் எடுக்கும்வரை அப்படியே நிற்கும்.