அரசியலமைப்பைப் பாடமாக நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பது இப்போது என் வேலையில் ஒரு பகுதி. வரலாற்றைச் சுவையாக நடத்துகிறவர்கள்கூட குடிமையியலுக்கு வந்ததும் குரல் மாறிவிடுகிறார்கள். நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகள்தான். பிரிவு எண்ணை மாற்றிச் சொல்வது, ஆண்டைத் தப்பாக எழுதிப்போடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றைப் பிள்ளைகளே திருத்திவிடுவார்கள்.

குடிமையியலைக் கடைசிக்குத் தள்ளுவது

வரலாற்றில் விடுதலைப் போராட்டம் 1947 ஆகஸ்டோடு முடிகிறது. நடுவில் புவியியல். அப்புறம் திருப்புதல் தேர்வு நெருங்கும் நேரத்தில், அரசியல் நிர்ணய சபை என்று புதிதாக ஏதோ ஒன்று தொடங்குகிறது. அரசியலமைப்பை எழுதிய அந்தச் சபை 1946 டிசம்பர் 9 அன்றே கூடிவிட்டது. நாடு பிரிந்தபோதும் காந்தி சுடப்பட்டபோதும் அதன் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. சிறுபான்மையினர் உரிமை பற்றி அங்கே பேசியவர்கள் கலவரச் செய்திகளைக் கேட்டுக்கொண்டே பேசினார்கள். இந்த இரண்டு பாடத்தையும் ஒரே வாரத்தில் நடத்துங்கள். வரிசையை மாற்றத் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

முகவுரை ஒப்பிக்கும் போட்டி

வேண்டாம். 1949இல் ஏற்கப்பட்ட முகவுரையையும், 1976இல் 42ஆவது திருத்தத்துக்குப் பிறகு வந்ததையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப்போட்டு, என்ன கூடியிருக்கிறது என்று கேளுங்கள்.

எந்த நாட்டிலிருந்து எது வந்தது என்ற பட்டியல்

இதைத்தான் என்னால் இன்னமும் பொறுக்க முடியவில்லை. அமெரிக்கா என்றால் அடிப்படை உரிமைகள், அயர்லாந்து என்றால் அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகள், பிரிட்டன் என்றால் நாடாளுமன்ற முறை, ஆஸ்திரேலியா என்றால் பொதுப்பட்டியல். பொருத்துக கேள்விக்கு வசதி. வாய்ப்பாடு மாதிரி வகுப்பே ராகம் போட்டுச் சொல்லும். ஒரு வகுப்பில் இது முடிந்ததும் ஒரு பெண் எழுந்து, "அப்போ நாம எதுவுமே எழுதலையா மிஸ்?" என்றாள். ஆசிரியை சிரித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு அந்த அறையில் எழுந்த ஒரே நல்ல கேள்வி அது.

இதே குற்றச்சாட்டை அரசியல் நிர்ணய சபைக் காலத்திலேயே பலர் வைத்தார்கள். 1948 நவம்பர் 4 அன்று வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர் பதிலும் சொன்னார். கடன் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அரசியலமைப்பின் அடிப்படைக் கருத்துகளுக்கு யாரும் காப்புரிமை வாங்கி வைத்திருக்கவில்லை என்பது அவர் வாதம். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலிருந்து நிறைய எடுத்ததையும் அவர் மறைக்கவில்லை.

பட்டியலில் இல்லாததைப் பாருங்கள். தீண்டாமையை ஒழித்து, அதைக் கடைப்பிடிப்பதைக் குற்றமாக்கும் 17ஆவது பிரிவை எந்த நாட்டுக்கு நேரே எழுதுவீர்கள்? 'தீண்டாமை ஒரு பெருங்குற்றம்' என்ற வரியைத் தமிழ்நாட்டுப் பாடநூலின் முன்பக்கங்களில் சின்ன வகுப்பிலிருந்தே பார்த்துவருகிற பிள்ளைகள் அவர்கள். அதையும் 17ஆவது பிரிவையும் சேர்த்துக் காட்ட ஒருவரும் மெனக்கெடுவதில்லை.

அயர்லாந்து வரிக்கே வருவோம். அந்தக் கோட்பாடுகள் சென்னையில் பட்ட பாடு அதை ஒப்பிக்கிற மாணவருக்குத் தெரியாது. மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைச் சென்னை அரசு வகுப்புவாரி அரசாணைப்படி பிரித்துக் கொடுத்துவந்தது. 14 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள், பிராமணர்கள், தாழ்த்தப்பட்டோர் ஆகிய மூன்று பிரிவுக்கும் தலா 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த ஆண்டே, இப்படிச் சாதி பார்த்து இடம் மறுப்பது அடிப்படை உரிமையை மீறுகிறது என்று செண்பகம் துரைராஜன் என்ற பிராமணப் பெண் வழக்குப் போட்டார். நலிந்த பிரிவினரின் கல்வியைப் பேணச் சொல்லும் 46ஆவது பிரிவைக் காட்டி அரசு வாதாடியது. அது நெறிமுறைக் கோட்பாடுதான், அடிப்படை உரிமையை மீறிப் போக முடியாது என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசாணை செல்லாமல் போனது. இங்கே கொந்தளிப்பு, பெரியாரின் போராட்டம். ஜூனிலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் அரசு சிறப்பு ஏற்பாடு செய்ய இடம்தரும் 15(4) சேர்ந்தது. அதே திருத்தம் பேச்சுரிமைக்குக் கூடுதல் கட்டுப்பாடுகளையும் கொண்டுவந்தது. அதற்குக் காரணமான வழக்குகளில் ஒன்றும், ரொமேஷ் தாப்பர் வழக்கு, சென்னை அரசு ஓர் இதழைத் தடைசெய்ததால் எழுந்ததுதான்.

பிளஸ் டூ முடித்ததும் சாதிச் சான்றிதழோடு கலந்தாய்வுக்குப் போகப்போகிற பிள்ளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, இதைச் சொல்லாமல் அயர்லாந்தைச் சொல்கிறோம்.

பட்டியல் தேர்வில் வருமே என்பார்கள். சரி, ஐந்து நிமிடம் கொடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு.

அம்பேத்கர் பெயரோடு நிறுத்திக்கொள்வது

வரைவுக்குழுவின் சுமை முழுக்க அம்பேத்கர் தலையில்தான் விழுந்தது என்று சபையில் எடுத்துச் சொன்னவர், சென்னையிலிருந்து போன டி. டி. கிருஷ்ணமாச்சாரி. அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் அந்தக் குழுவில் இருந்தவர். சபையின் ஒரே தலித் பெண் உறுப்பினரான தாட்சாயணி வேலாயுதனும் சென்னை மாகாணத்திலிருந்து தேர்வானவர். இந்தக் கடைசிப் பெயரைக் கேட்டிருக்கிற பத்தாம் வகுப்பு மாணவியை நான் இன்னும் பார்க்கவில்லை.

நவம்பர் 26, ஜனவரி 26 குழப்பம்

அரசியலமைப்பை ஏற்ற நாள் எது, நடைமுறைக்கு வந்த நாள் எது என்பதுதானே, தேர்வுக்குள் சரியாகிவிடும்.

வம்பு வேண்டாம் என்று ஒதுங்குவது

இட ஒதுக்கீடு என்றதும் பாடத்தை வாசித்துவிட்டு மணி அடிக்கக் காத்திருப்பவர்கள் உண்டு. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் வகுப்பு, வீட்டில் போய் ஏதாவது சொல்லிவைப்பார்கள் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் உங்கள் கருத்தை இங்கே யாரும் கேட்கவில்லை. அரசுக் கல்லூரியில் சாதி, மதம் காரணமாக யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்கிற 29(2), பிறகு சேர்ந்த 15(4) இரண்டையும் அடுத்தடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். சட்டத் தமிழ் கரடுமுரடாகத்தான் இருக்கும், நிறுத்தி நிறுத்திப் போங்கள். பிறகு வகுப்பை இரண்டாகப் பிரித்து, மேலே சொன்ன வழக்கில் ஒரு பக்கம் சென்னை அரசுக்காகவும் மறுபக்கம் செண்பகம் துரைராஜனுக்காகவும் வாதாடட்டும். யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். அவரவர் விருப்பப்படி உட்கார விட்டால், சாதி பார்த்துத்தான் உட்காருவார்கள்.