மோட்டார்ஹோமில் ஸ்கை கியூ: சிக்னல் கிடைத்த வழி

மோட்டார்ஹோம் என்ற வீட்டு வண்டியில், ஸ்கை நிறுவனத்தின் டிவி பெட்டியான ஸ்கை கியூவுக்கு முக்காலி டிஷ் வைத்து சிக்னல் பிடித்த அனுபவம் இது. பிரிட்டனில் ஸ்கை சேனல்கள் கிழக்கு 28.2 டிகிரியில் உள்ள அஸ்ட்ரா 2 செயற்கைக்கோள்களிலிருந்து வருகின்றன. லண்டன் பக்கம் வண்டியை நிறுத்தினால் டிஷ் தென்கிழக்கே, வடக்கிலிருந்து சுமார் 145 டிகிரியில் பார்க்க வேண்டும். உயரக் கோணம், அதாவது தொடுவானத்திலிருந்து மேல்நோக்கிய கோணம், 25 டிகிரிதான். எதிரே 10 மீட்டர் மரம் இருந்தால் 21 மீட்டருக்கு மேல் தள்ளி வையுங்கள். இலை மறைத்தாலே போதும், படம் போய்விடும். ஆஃப்செட் டிஷ் (சிக்னல் வாங்கும் முனை நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும் வகை) கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாகத்தான் நிற்கும். வானத்தைப் பார்த்து மல்லாத்தினால் எதுவும் வராது.

திசை சரியாக இருந்தும் எனக்குப் படம் வராததற்குக் காரணம் எல்.என்.பி., அதாவது டிஷ்ஷின் கை முனையில் சிக்னலை வாங்கி கேபிளுக்கு அனுப்பும் கருவி. ஸ்கை கியூ பெட்டிக்கு வைட்பேண்ட் வகை எல்.என்.பி. தேவை, முக்காலி டிஷ்ஷோடு பெரும்பாலும் வருவது யுனிவர்சல் வகை. இரண்டும் ஒத்துப்போகாது. வைட்பேண்ட் மாட்டி, இரண்டு கேபிளையும் இணைத்ததும் சரியானது. டிஷ்ஷுக்குப் பொருந்தும் 40 மில்லிமீட்டர் கழுத்துள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

முக்காலிக் கம்பத்தை முதலில் நீர்மட்டம் வைத்து நிமிர்த்துங்கள். டிஷ்ஷைத் துளித்துளியாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில நொடி நிறுத்துங்கள். பெட்டி சிக்னலைப் பிடிக்க அவ்வளவு நேரம் வேண்டும். எஃப் கனெக்டரில் (கேபிள் முனையில் திருகி மாட்டும் இணைப்பான்) கேபிளின் வெளிச்சுற்று வலைக்கம்பியின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகும், எல்.என்.பி.க்கு மின்சாரம் போகாது. கழற்றி மாட்டும்போதெல்லாம் அதைப் பாருங்கள்.